சத்யஜித் ராய் படங்களை எந்த இறுவட்டில் பார்ப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பல வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம், இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்) வங்காள இயக்குநர் சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றும் ஒரே டிவிடியில் இருக்கிறது என்று சொல்லித் தந்தார்கள். அட்டைப்படம் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் பனிமூட்டத்துக்குள் யாரோ நடமாடுவது போல ஒரு படம், மூலையில் ஏதோ ஒரு டிவி சனலின் இலச்சினை, பாதி வசனத்துக்கு சப்டைட்டில் இல்லை. நான் அதைத்தான் ராய் படம் என்று நம்பி, ‘பழைய படம் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று நினைத்து, மூன்றையும் பார்த்து முடித்தேன். அப்புறம் ஒருநாள் ஒரு நண்பர் வீட்டில் ‘பதேர் பாஞ்சாலி’யைப் புளூரேயில் பார்த்தபோதுதான் விளங்கியது, நான் பார்த்தது அந்தப் படத்தின் நிழலைக் கூட இல்லை என்று.

அதனால் இந்தக் குறிப்பு. ராயின் படங்களைப் புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள், ஒரே படத்துக்கு நாலைந்து வெளியீடுகள் இருக்கும்போது எதை எடுப்பது, கையில் இருப்பது நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு. ராயை வைத்துச் சொல்கிறேன், ஆனால் முறை எந்தப் பழைய இயக்குநருக்கும் பொருந்தும். (அப்பு என்றால் யாழ்ப்பாணத்தில் தாத்தா. இங்கே சின்னப் பையன். முதல் தடவை கேட்ட என் அம்மா கிழவனைத் தேடிக்கொண்டிருந்தார்.)

முதலில் ஒரு கணக்கு

அந்த ஒரே டிவிடி விசயத்தை ஒரு சின்னக் கணக்கில் முன்கூட்டியே பிடித்திருக்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’ 125 நிமிடம், ‘அபராஜிதோ’ 110, ‘அப்புர் சன்சார்’ 106. மொத்தம் 341 நிமிடம். சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட்தான் இடம். அதை அவ்வளவு நேரத்துக்கும் பங்கு போட்டால் விநாடிக்கு இரண்டு மெகாபிட் கூட வராது. ஒழுங்கான டிவிடி ஐந்து ஆறில் ஓடும். மூன்று பேருக்குச் சமைத்த சோற்றை ஒன்பது பேருக்குப் பரிமாறின மாதிரி. ஆகவே பெட்டியைத் திருப்பி எத்தனை வட்டு, எத்தனை படம் என்று பாருங்கள். ஒரு வட்டில் ஒரு படத்துக்கு மேல் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கொம்பியூட்டரில் வைத்துப் பார்ப்பவர்கள் மீடியாஇன்போ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் இந்த பிட்ரேட் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் எண் பெரிதாக இருந்தால் படம் நல்லது என்று அர்த்தம் இல்லை. மோசமான ஒரு வீடியோ நாடாவைப் பெரிய கோப்பாக மாற்றினாலும் அது மோசமான வீடியோ நாடாதான்.

இதுதான் முக்கியம்: எந்தப் பிரதியில் இருந்து எடுத்தது?

4கே, புளூரே, டிஜிட்டல் ரீமாஸ்டர் என்று அட்டையில் போடுவதை எல்லாம் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வட்டுக்காக ஸ்கேன் செய்த பிலிம் எது என்பதுதான். கமராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவா, அதில் இருந்து நேரே எடுத்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டரா, அதற்கும் அடுத்த தலைமுறை டூப் (நகல்) நெகட்டிவா, இல்லை தியேட்டரில் நூறு தடவை ஓடிக் கீறல் விழுந்த பிரின்டா. ஒவ்வொரு தலைமுறைக்கும் கொஞ்சம் கூர்மை போகும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் கொஞ்சம் போகும். போட்டோக் கொப்பியைப் போட்டோக் கொப்பி எடுத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ராய் விசயத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. 1992 இல் ஒஸ்கார் அகாடமி அவருக்குக் கௌரவ விருது கொடுத்தது. கல்கத்தாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடிதான் வாங்கினார், சில வாரங்களில், ஏப்ரல் 23 ஆம் திகதி, இறந்தும் போனார். அந்த விழாவுக்காக அவருடைய படங்களில் இருந்து காட்சிகளைத் தேடியபோதுதான் நல்ல பிரின்ட்டே கிடைப்பது கஷ்டம் என்பது அகாடமிக்குத் தெரிய வந்து, படங்களைப் பாதுகாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அதற்காக மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஒரு பிலிம் லாப்புக்குப் போயின. 1993 ஜூலையில் அந்த லாப்பில் தீ. அப்பு படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும் அதில் மாட்டிக்கொண்டன.

கருகியும் உருகியும் ஒட்டிப்போயும் இருந்த சுருள்களை அகாடமி எறியவில்லை. எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டது. அன்றைக்கு அவற்றை மீட்க வழியே இல்லை, ஆனாலும் வைத்துக்கொண்டது. இருபது வருடம் கழித்து, படங்களை வட்டில் வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் மறுசீரமைப்பைக் கையில் எடுத்தபோது அந்தச் சுருள்கள் இத்தாலியில் பொலோனியா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா லாப்புக்குப் போயின. அங்கே காய்ந்து சுருங்கிய பிலிமுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, ஒட்டியதைப் பிரித்து, உடைந்த துளைகளைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, ஏறக்குறைய ஆயிரம் மணி நேர வேலை. கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவில் 40 சதவீதம் அளவும், ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் பாவிக்கக் கூடியதாக இருந்தது. ‘அப்புர் சன்சார்’ நெகட்டிவை ஒன்றும் செய்ய முடியவில்லை. மீதிக்கு வேறு வேறு காப்பகங்களில் இருந்த ஃபைன் கிரெய்ன் மாஸ்டர், டூப் நெகட்டிவ் என்பவற்றைத் தேடி எடுத்து இணைத்தார்கள். 4கே தரத்தில் ஸ்கேன் செய்து 2015 மே மாதம் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். 1955 மே மாதத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ முதன்முதலில் காட்டப்பட்ட அதே இடம். அந்த வருட முடிவிலேயே புளூரேயும் வந்தது.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அப்பு படங்களுக்கு 2015 க்கு முந்திய எந்த வட்டும், அது 2003 இல் வந்த சோனி டிவிடியாக இருந்தாலும் சரி, வேறு ஐரோப்பிய வெளியீடாக இருந்தாலும் சரி, இந்த நெகட்டிவைத் தொட்டிருக்க முடியாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் ஆண்டைப் பாருங்கள். இன்னொன்று, இந்த மறுசீரமைப்பிலேயே ‘பதேர் பாஞ்சாலி’யின் ஒரு ஷொட் கத்தி போலக் கூர்மையாகவும் அடுத்த ஷொட் கொஞ்சம் மங்கியும் இருந்தால் உங்கள் பிளேயரில் பிழை இல்லை. மூல நெகட்டிவ் முடிந்து வேறு பிரதி தொடங்குகிற தையல் அது. எனக்கு இப்போது அந்தத் தையல்களைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

இரண்டு கம்பனி, ஒரே படம்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ‘சாருலதா’, ‘மகாநகர்’, ‘நாயக்’ மூன்றையும் தயாரித்தவர் ஆர். டி. பன்சால். அவற்றை மறுசீரமைத்ததும் அவருடைய குடும்ப நிறுவனம்தான், இந்தியாவிலேயே. ‘சாருலதா’, ‘மகாநகர்’ புளூரேகள் அமெரிக்காவில் கிரைட்டீரியன், இங்கிலாந்தில் ஆர்டிஃபிஷியல் ஐ என்று இரண்டு பெட்டியில் வந்தாலும் அடியில் இருப்பது ஒரே சீரமைப்பு. வித்தியாசம் வட்டில் பதிந்த விதம், சப்டைட்டில், மேலதிக அம்சங்கள், விலை, அவ்வளவுதான். அந்த இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு எது கூர்மை என்று மண்டையை உடைப்பது வீண் வேலை. (நான் உடைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.) எது உங்கள் பிளேயரில் ஓடுமோ அதை எடுங்கள்.

உங்கள் சொந்தக்காரர் எந்த நாட்டில்?

கொழும்பில் இருந்துகொண்டு இந்த வட்டுகளைக் கடையில் வாங்குவது அனேகமாக நடக்காது. யாராவது வரும்போது கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே உங்கள் தெரிவைப் பாதி தீர்மானிப்பது உங்கள் குடும்ப மரம். சிரிக்காதீர்கள்.

வட்டுகளுக்கு ரீஜன் என்று நாட்டுக்கு நாடு ஒரு பூட்டு உண்டு, பிளேயரின் ரீஜனோடு ஒத்தால்தான் ஓடும். இலங்கை டிவிடிக்கு ரீஜன் 5, புளூரேக்கு ரீஜன் சி. நம்மோடு இந்தியாவும் அதே கூட்டம். லண்டன் மாமா கொண்டுவந்தால் டிவிடி 2, புளூரே பி. டொரொண்டோ பெரியம்மாவின் மகன் கொண்டுவந்தால் டிவிடி 1, புளூரே ஏ. சிட்னி சித்தி என்றால் டிவிடி 4, புளூரே பி. கிரைட்டீரியனின் அமெரிக்க புளூரேகள் ஏ பூட்டுடன்தான் வரும், நம் ஊர்ப் பிளேயரில் போட்டால் ஒரு கறுப்புத் திரையும் ஒரு வரிச் செய்தியும்தான். 4கே யுஎச்டி வட்டுக்கு மட்டும் ரீஜன் கிடையாது, எங்கிருந்து வந்தாலும் 4கே பிளேயரில் ஓடும். ஆனால் அதே பெட்டிக்குள் துணைக்கு வைக்கும் புளூரே வட்டு பூட்டியிருக்கலாம், மேலதிக அம்சங்கள் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும்.

டிவிடிக்குக் கவலை இல்லை, நம் ஊரில் கிடைக்கும் மலிவுப் பிளேயர்கள் பலவும் எந்த ரீஜனையும் ஓட்டும். புளூரேக்குத்தான் எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர் தேடி வாங்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து தருவிப்பதானால் பின்பக்கம் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 110 என்று இருந்து நம் 230 இல் நேரே குத்தினால் ஒரு மணம் வரும், அதோடு சரி. லப்டொப் டிவிடி டிரைவ் பாவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் ரீஜனை 5 தடவைதான் மாற்றலாம், ஐந்தாவது எதுவோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள்.

அமெரிக்காவில் ஆள் இருந்தால் இன்னொரு வசதி. கிரைட்டீரியன் ஒற்றைப் புளூரேயின் பட்டியல் விலை 39.95 டொலர், ஆனால் பார்ன்ஸ் அன்ட் நோபிள் புத்தகக் கடையில் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் அரை விலைக்குப் போடுவார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறின நாட்களில் நான் ஒன்றும் வாங்கவில்லை, இருந்ததையே மறுபடி மறுபடி பார்த்தேன், அதுவும் கரண்ட் இருக்கிற நேரத்தில்.

பால் கலந்த படம்

டிவிடி வாங்குபவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. லண்டன், சிட்னி டிவிடிகள் பால் (PAL) என்ற டிவி முறை, நம் டிவியும் அதே பால் தான். கனடா, அமெரிக்காவில் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. பாலில் படத்தின் கோடுகள் 576, என்டிஎஸ்சியில் 480, ஆகவே பால் கூர்மை கூட என்று தோன்றும். உண்மைதான். ஆனால் சினிமா விநாடிக்கு 24 பிரேம், பால் 25. அதனால் பெரும்பாலான பால் டிவிடிகளில் படத்தை 4 சதவீதம் வேகமாக ஓட்டி விடுகிறார்கள். 125 நிமிடப் படம் 120 இல் முடிந்துவிடும். வெட்டியது ஒன்றும் இல்லை, ஓட்டம் மட்டும் கூட. பெட்டியில் 120 என்று இருந்தால் பயப்படத் தேவையில்லை, அதைவிடக் குறைவாக இருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

கண்ணுக்கு அந்த 4 சதவீதம் தெரியாது. காதுக்குத் தெரியும். சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை கூடிவிடும். அப்பு படங்களுக்கு இசை ரவிசங்கர். ‘ஜல்சாக’ருக்கு விலாயத் கான், அதில் பேகம் அக்தர் பாடுவதும் இருக்கிறது. முழுப்படமும் சங்கீதத்தில் நிற்கும் ஒன்றை அரைக் கட்டை ஏற்றிக் கேட்பது, எனக்கு, சாப்பாட்டில் மணல் கடிபடுவது போல. உங்களுக்குச் சங்கீதக் காது இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

இதைவிட மோசம், என்டிஎஸ்சி டேப்பைப் பாலுக்கு அவசரமாக மாற்றியது. அசைகிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஆவி வரும். ‘பதேர் பாஞ்சாலி’யில் காஷ் பூக் காட்டுக்குள் அக்கா துர்காவும் அப்புவும் ஓடி வந்து ரயிலைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ‘ஈ’ விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு பிரேமாகப் போகும். ஒரே பிரேமில் இரண்டு ரயில் கலங்கலாகத் தெரிந்தால் அந்த வட்டை மூடி வைத்துவிடலாம்.

ஒப்பிடுவதற்கு முன் டிவியைத் திருத்துங்கள்

இதைச் செய்யாமல் ஒப்பிடுவது பிழையான தராசில் தங்கம் நிறுப்பது. படத்தின் அளவை ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 இல் வையுங்கள். அப்பு படங்கள் எல்லாம் 1.37 விகிதம், அதாவது சதுரத்தை விடக் கொஞ்சம் அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் வேண்டும். வீட்டில் யாராவது ‘ஏன் டிவி முழுக்க வரவில்லை’ என்று இழுத்து விடுவார்கள், அப்போது ‘பதேர் பாஞ்சாலி’யில் வரும் இந்திர் பாட்டியின் ஒட்டிய கன்னம்கூட உப்பிப் போகும். ஷார்ப்னஸ் பூச்சியத்துக்குப் பக்கத்தில். அசைவை மென்மையாக்குகிறோம் என்று டிவிக்காரர்கள் போட்டிருக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் நிறுத்துங்கள். லப்டொப்பை ஹெச்டிஎம்ஐயில் இணைத்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் வட்டில் குற்றம் இல்லை, லப்டொப்பும் டிவியும் கறுப்பு அளவில் ஒத்துப்போகவில்லை. செட்டிங்ஸில் இரண்டையும் ஒரே ரேஞ்சுக்குக் கொண்டு வாருங்கள்.

எந்தக் காட்சியைப் பார்ப்பது

முழுப்படத்தையும் இரண்டு தடவை ஓட்டி ஒப்பிட முடியாது. ஐந்தாறு இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், அவற்றை இரண்டு வெளியீட்டிலும் போட்டு, ஒரே பிரேமில் நிறுத்தி, படம் பிடித்து, ஒரே கோப்புறையில் வைத்து அம்பு விசையால் மாறி மாறித் தட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாக வைப்பதை விட இதில் வித்தியாசம் துள்ளிக்கொண்டு வரும். விஎல்சியில் ஷிஃப்டும் ‘எஸ்’ஸும் சேர்த்து அழுத்தினால் படம் சேமிக்கும். நான் எப்போதும் பார்க்கும் இடங்கள் இவை.

‘பதேர் பாஞ்சாலி’யில் மிட்டாய்க்காரர் போகிறார், பின்னால் துர்கா, அப்பு, ஒரு நாய், அந்த ஊர்வலம் முழுக்கக் குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது. நல்ல வெளியீட்டில் தண்ணீரில் சின்ன நெளிவு, கரைப்புல், வானத்தின் சாம்பல் எல்லாம் தனித்தனி. மோசமானதில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக எரிந்து, நாய் ஒரு கரும்புள்ளியாக மட்டும் ஓடும். நான் முதலில் பார்த்த அந்தக் கடை டிவிடியில் நாய் இருப்பதே எனக்குத் தெரியாது.

‘அபராஜிதோ’ முடிவுப் பக்கம், அப்புவின் அம்மா சர்பஜயா இருட்டில் வெளியே வந்து நிற்கிறாள், குளத்தடியில் மின்மினிகள். இது கறுப்புக்கான சோதனை. மின்மினி ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரிந்து, அதைச் சுற்றி இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும். பிட்ரேட் குறைந்த வட்டில் இருட்டு முழுவதும் சதுரம் சதுரமாகக் கொதிக்கும்.

‘சாருலதா’ தொடக்கத்தில் சாரு ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கண்ணாடி வைத்து வீதியைப் பார்க்கிறாள். அந்த மரச் சட்ட ஜன்னல்கள், அடுக்கடுக்கான கிடைக்கோடுகள், டிவிடிக்குப் பரம எதிரி. கமரா நகரும்போது கோடுகள் மினுங்கி நடுங்கினால் மோசமான பதிவு. அதற்கு முன், பெயர் ஓடும்போதே கைக்குட்டையில் அவள் ஊசி வேலை செய்கிறாளே, நூல் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதையும் பாருங்கள்.

‘ஜல்சாக’ரில் சரவிளக்கு. அதைப் பற்றி எழுதத் தேவையில்லை, போட்டவுடன் தெரியும்.

இங்கே ஒரு விசயத்தில் புதியவர்கள் எல்லோரும் தலைகீழாகத் தீர்ப்புச் சொல்வார்கள். படத்தில் மெல்லிய மணல் போல அசைகிறதே, கிரெய்ன், அது அழுக்கு இல்லை. பிலிமே அதனால் ஆனதுதான். அதை ‘சுத்தம்’ செய்கிறோம் என்று மென்பொருளால் துடைத்தால், மணலோடு தோலின் சுருக்கம், சேலையின் நெசவு, ஓலைக் கூரையின் நரம்பு எல்லாம் போகும். ஆட்கள் மெழுகுப் பொம்மை போல மினுங்குவார்கள். கீறலும் தூசியும் துடைக்கப்பட்டு, கிரெய்ன் மட்டும் மிஞ்சியிருப்பதே நல்ல சீரமைப்பு. சந்தேகம் என்றால் இந்திர் பாட்டியாக வரும் சுனிபாலா தேவியின் முகத்தில் நிறுத்துங்கள். அந்த முகத்தில் சுருக்கம் குறைந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

காது

‘பதேர் பாஞ்சாலி’யில் அப்பா ஹரிஹர் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறார், ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டுகிறார், கடைசியில் துர்காவுக்கு வாங்கிய சேலை. துர்கா இல்லை. சர்பஜயா உடைந்து அழுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது, அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்ச சுருதியில் போகும். ஒலிக்கு இதைவிடக் கடினமான சோதனை ராயிடம் இல்லை. மோசமான ஒலித்தடத்தில் அந்த உச்சம் உடைந்து கரகரக்கும். இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டியதில் அது தண்ணீருக்குள் இருந்து வருவது போல மழுங்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் உடையாமல் வந்தால் அதுதான் சரியானது.

மூன்று வெளியீட்டில் இதை நான் மாறி மாறிப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அம்மா, “தம்பி, எத்தனை தரம் அந்த மனுசியை அழ வைப்பாய்? ஒருக்கால் நிப்பாட்டு” என்றார். ஹெட்போன் போட்டுச் செய்யுங்கள்.

சப்டைட்டில்

வங்காளம் தெரியாத நமக்கு இது படத்தில் பாதி. தமிழ் சப்டைட்டிலோடு ஒழுங்கான வட்டு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, ஆங்கிலம்தான். ஒரு வெளியீட்டின் சப்டைட்டில் முழுதா, அரையா என்று பார்க்க ஒரு சின்ன இடம்: இந்திர் பாட்டி இரவில் தனியாக இருந்து பாடும் பாட்டு. பொழுது போய்விட்டது, அந்தி வந்துவிட்டது, ஹரியே என்னை அக்கரை சேர் என்று கேட்கிற பாட்டு. அவள் கதைக்கு அந்தப் பாட்டுத்தான் திறவுகோல். நம் ஊரில் சிவபுராணம் முணுமுணுத்துக்கொண்டு திண்ணையில் இருந்த கிழவிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வரியிலேயே விளங்கும். அந்த இடத்தில் திரை மொட்டையாக இருந்தால், வசனத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுப் பாட்டை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம், மற்ற இடங்களிலும் அதே கைதான் வேலை செய்திருக்கும். அதோடு சப்டைட்டிலை நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். நிறுத்த முடியாமல் படத்தோடு ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பழைய பிரின்ட் ஒன்றில் இருந்து எடுத்தது.

மேலதிக அம்சங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கிரைட்டீரியனின் அப்பு பெட்டியில் சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் நேர்காணல்கள் இருக்கின்றன, ‘ஜல்சாகர்’ வட்டில் ஷ்யாம் பெனகல் ராயைப் பற்றி எடுத்த நீளமான ஆவணப்படம் இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் காசுக்குப் பெறுமதி. மற்றவை ஒரு தடவை பார்த்தால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது, எங்கே வைப்பது

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2015 சீரமைப்பில் வந்த அப்பு பெட்டி, வேறு பேச்சில்லை. இரண்டாவது ‘சாருலதா’. மூன்றாவது ‘ஜல்சாகர்’. கடைசிக் காலப் படங்களான ‘கணசத்ரு’, ‘ஆகந்துக்’ போன்றவற்றுக்கு டிவிடியே போதும், அவற்றில் கண்ணை விட வசனத்துக்குத்தான் வேலை. இதைச் சொன்னதற்கு என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கினதைப் பத்திரமாக வைப்பதும் கொழும்பில் ஒரு வேலைதான். நான் இருப்பது கடற்கரைப் பக்கம், ஜன்னலைத் திறந்து வைத்தால் உப்புக் காற்று கதவுப் பிணைச்சலையே தின்றுவிடுகிறது, பிளேயரை விடுமா. முதல் பிளேயரின் பின்பக்கச் சொருகுகள் நாலு வருடத்தில் பச்சை பிடித்தன. இப்போது பாவிக்காத நேரம் துணியால் மூடி வைக்கிறேன். வட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் அதே பொட்டலங்கள்தான். வீட்டில் பதிந்த டிவிடிகள் இருந்தால் அவை முதலில் போகும், ஊதா நிறம் வெளிறத் தொடங்கும்போதே கணினிக்கு மாற்றிவிடுங்கள். என்னிடம் இருந்த அந்த ஒரே டிவிடியில் மூன்று படம் அப்படித்தான் போனது, இரண்டாவது படத்தின் நடுவில், காசியில் புறாக்கள் பறக்கிற இடத்தில் இப்போதும் நின்றுவிடும்.